கம்ப்யூட்டருக்குள் வைத்த ரயிலடி

என் கையெழுத்து நன்றாக இருக்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒற்று எங்கே வரும், எந்த ர, எந்த ற என்பதெல்லாம் எனக்கு இன்றைக்கும் தகராறுதான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதை வாயால் சொல்லியிருக்கலாம். நாலு பேர் நிற்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கடையில் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுவேன்.

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் பொம்மை செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் மாடல்காரன். முதல் பொம்மையைக் களிமண்ணில் பிடித்து, அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுத்துக் கொடுப்பது என் வேலை. பிறகு அந்த அச்சில் மண்கூழை ஊற்றி எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார்கள். என்ன பொம்மை என்று முதலாளி சொல்வார், நான் செய்வேன். பெரும்பாலும் பிள்ளையார், கிருஷ்ணர், செட்டியார் கடை. பொம்மைக்கு அடியில் கம்பெனியின் குறி இருக்கும்.

அந்தக் குறியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிகளுக்குச் சொந்தச் சூளை கிடையாது. பொதுச் சூளைக்குத்தான் சரக்கை அனுப்புவோம். சூளைக்குள் போகும் ஒரே இரும்பு வண்டியில் பத்துப் பேர் சரக்கும் அடுக்கியிருக்கும். யாருடைய சரக்கு எது என்பதை அடியில் இருக்கும் குறியை வைத்துத்தான் பிரிப்பார்கள். ஒருத்தர் குறி போட்ட பொருளை இன்னொருத்தர் தொடமாட்டார். உடைந்த மூடியாக இருந்தாலும் அதை அவர்தான் வந்து எடுக்க வேண்டும். இன்னொரு வழக்கமும் உண்டு. புதிதாக ஒரு பொம்மை வந்தால், அது யார் குறியோடு முதலில் சூளைக்குப் போகிறதோ, அடுத்த கொலு வரைக்கும் அது அவர்களுடையது. மற்றவர்கள் அந்த மாதிரியைச் செய்யக்கூடாது. எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை. சூளை மேஸ்திரி பார்த்துக்கொள்வார்.

போன வருடம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, “எத்தினி நாளைக்கு நான் சொல்றதையே பண்ணிகிட்டு இருப்பே? நீயா ஒரு செட்டு போடு. ஆனி மாசம் மெட்ராஸ் கடைக்காரர் வருவாரு. அவருக்குப் புடிச்சிருந்தா உன் குறியிலயே சூளைக்குப் போவட்டும். கொஞ்சம் கொஞ்சமா தனியா தொழில் பண்ணு” என்றார்.

எனக்கு என்று ஒரு குறி. அன்றைக்கு மண் பிசைகிற இடத்தில் உட்கார்ந்து ஒரு சிராய்த்துண்டால் ஈர மண்ணில் என்னென்னவோ கீறிப் பார்த்தேன். கடைசியில் ஒரு வேப்பிலை. இரண்டு வளைவும் நடுவில் ஒரு கோடும்.

என்ன செட் போடுவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் உட்காருகிற ஒரே இடம் ஜங்ஷன்தான். அங்கே யாரும் யாரிடமும் பேச வேண்டியதில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருக்கலாம். டிக்கெட் பரிசோதகர், தலையில் இரண்டு பெட்டியோடு போர்ட்டர், டீ கேனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர், டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து பால் கொடுக்கிற அம்மா, துண்டை முகத்தில் போட்டுத் தூங்குகிற பெரியவர், முந்திரி மூட்டைமேல் சாய்ந்த வியாபாரி, பிளாட்பாரத்துக்கு எப்படி வந்தது என்றே தெரியாத ஒரு ஆடு. ரயிலடி செட். கொலுவில் அதுவரை யாரும் அப்படி ஒன்று வைத்து நான் பார்த்ததில்லை.

என் தங்கை வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார். டிப்ளமோ படித்தவர். கல்யாணப் பத்திரிகை, பேனர், கல்லூரிப் பிள்ளைகளின் பிராஜக்ட் எல்லாம் அங்கே நடக்கும். அப்பா போன பிறகு தங்கையை அவருக்குக் கட்டிக்கொடுத்தது நான். என் கூச்சத்தைப் பார்த்துச் சிரிக்காத சில பேரில் அவரும் ஒருவர் என்று நினைத்திருந்தேன். சில வருடங்களுக்கு முன்பு அவருடைய பழைய கம்ப்யூட்டரில் படம் போடக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

எங்கள் தொழிலுக்குக் கம்ப்யூட்டர் படம் நல்ல உதவி. மண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும். எவ்வளவு சுருங்குமோ அவ்வளவு பெரியதாக மாடல் பிடிக்க வேண்டும். கையால் கணக்குப் போட்டால் போர்ட்டர் ஒரு உயரத்திலும் அவர் தலையில் இருக்கும் பெட்டி வேறு அளவிலும் வந்து நிற்கும். கம்ப்யூட்டரில் முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என்று வரைந்துவிட்டால் எல்லாவற்றையும் ஒரே அளவில் பெரிதாக்கி அச்சடித்துக்கொள்ளலாம். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு எந்த மாடல்காரனும் அப்படியே பிடித்துவிடுவான். இதைத்தான் நான் அப்போது யோசிக்கவில்லை.

நான் ரயிலடியை ஆரம்பித்த சமயத்தில் பழைய கம்ப்யூட்டர் செத்துப்போனது. புதியது வந்தது. அதில் என் படம் போடுகிற பழைய புரோகிராம் ஓடவில்லை. எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். புதியதைக் கற்றுக்கொள்ளச் சொன்னால் போகாமலேயே இருந்துவிடுவேன் என்று மாப்பிள்ளைக்குத் தெரியும். ஒரு நாள் சாயங்காலம் கூப்பிட்டனுப்பினார்.

“மச்சான், இங்க பாருங்க. இந்தக் கம்ப்யூட்டருக்குள்ளாற இன்னொரு கம்ப்யூட்டர் வெச்சிருக்கேன்.”

திரையில் ஒரு ஜன்னல் திறந்தது. அந்த ஜன்னலுக்குள் பழைய கம்ப்யூட்டர் ஆரம்பிப்பது போலவே கறுப்புத் திரை வந்து, எழுத்து ஓடி, பழைய விண்டோஸ் வந்து நின்றது. என் புரோகிராம் அதில் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பார்க்காமல் துடைத்துக்கொண்டேன்.

“இதுக்கு மிஷினு எங்க இருக்குது?” என்று கேட்டேன்.

“மிஷினெல்லாம் கெடையாது. சும்மா இருக்கற மாதிரி. ஆனா இருக்குது.”

“கரண்டு?”

“உங்களுக்குன்னு தனியா பில்லு வராது, பயப்படாதீங்க” என்று சிரித்தார். “வெளிய இருக்கறது எங்களுது, உள்ள இருக்கறது உங்களுது. பாஸ்வேர்டு நீங்களே போட்டுக்குங்க. யாரும் உள்ள வரமுடியாது.”

பாஸ்வேர்டு போட்டேன். பூட்டுச் சாவியோடு ஒரு அறை கொடுத்தது போல இருந்தது எனக்கு.

பிறகு ஒன்று சொன்னார். “படத்த உள்ளயே வெக்காதீங்க மச்சான். உள் கம்ப்யூட்டர் என்னைக்காவது மக்கர் பண்ணா எல்லாம் போயிடும். இங்க இசட்னு ஒரு டிரைவ் தெரியுது பாருங்க. இது பொது ஃபோல்டரு. இதுல வெச்சா சேஃப்டி. பிரிண்டு எடுக்கறதுக்கும் சுளுவு.”

பொது என்ற சொல் எனக்குப் பயத்தைக் கொடுக்கவில்லை. நான் பிழைப்பதே பொதுச் சூளையில்தான். பொதுவில் வைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு படத்தின் கீழ் மூலையிலும் வேப்பிலைக் குறியைப் போட்டேன். குறி போட்டாயிற்று, இனி யாரும் தொடமாட்டார்கள் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். பேட்டையில் வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

வேலை முடிந்து சாயங்காலங்களில் போவேன். ஓரமாக இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து வரைவேன். மாப்பிள்ளை எப்போதாவது பின்னால் வந்து நின்று, “அந்த ஆடு யாரப் பாத்து மொறைக்குது? டி.டி.ஆரையா?” என்று கேட்பார். எனக்குச் சந்தோஷமாக இருக்கும். முதலாளிக்குக்கூட நான் படத்தைக் காட்டவில்லை. வெந்து வந்த பொம்மையாகவே காட்ட வேண்டும் என்று ஆசை. மாப்பிள்ளை ஒருத்தர்தான் பார்த்தவர்.

மாசி போய், பங்குனி, சித்திரையில் மாடல் பிடித்தேன். கம்பெனி வேலை முடிந்த பிறகுதான் என் வேலை என்பதால் மெதுவாக நடந்தது. வைகாசிக் கடைசியில் அச்சு எல்லாம் முடிந்து முதல் செட்டை ஊற்றி எடுத்தேன். காய்ந்ததும் ஒவ்வொன்றின் அடியிலும் வேப்பிலையைக் கீறினேன். வைக்கோல் போட்ட கூடையில் அடுக்கி, சைக்கிளில் கட்டி, சூளைக்கு உருட்டிக்கொண்டே போனேன். வேகாத பொம்மை, ஏறி மிதித்தால் குலுங்கிவிடும்.

சூளை வாசலில் வெந்து வந்த வண்டி ஒன்று ஆறிக்கொண்டிருந்தது. மேல் தட்டில் என் டிக்கெட் பரிசோதகர் நின்றுகொண்டிருந்தார்.

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் கூடையில் இருப்பவர் எப்படி அங்கே போனார் என்று கூடையைப் பார்த்தேன். அவர் கூடையிலும் இருந்தார். வண்டியில் போர்ட்டர் இருந்தார், டீக்காரர் இருந்தார், மூட்டை இருந்தது, டிரங்குப் பெட்டி அம்மா இருந்தாள். முகம் கொஞ்சம் தடிப்பு, விரல்கள் சரியில்லை. ஆனால் நிற்கிற நிலை, துண்டின் மடிப்பு, ஆட்டின் கழுத்துத் திரும்பல், எல்லாம் நான் போட்டது. ஒன்றை எடுத்து அடியைப் பார்த்தேன். பேட்டையில் எங்களைவிடப் பெரிய கம்பெனி ஒன்றின் குறி.

“அட, மத்தவங்க சரக்க ஏன்யா தொடுறே?” என்று வண்டி இறக்குகிறவர் கத்தினார். பிறகு என் கூடையை எட்டிப் பார்த்தார். “ஓ, அதையே நீயும் பண்ணிட்டியா? ரயிலு போனப்பறம் டிக்கெட்டு எடுத்துட்டு வந்திருக்காருடோய்!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சூளை மேஸ்திரி வந்தார். வயதானவர், என்னைப் பல வருடமாகத் தெரியும்.

“என்னாப்பா இது? நீ இப்படிப் பண்ற ஆளு இல்லியே.”

“என்னுதுங்க” என்றேன்.

“உன்னுதுன்னா எப்படி? அவங்க சரக்கு வெந்தே வந்திடுச்சு. நீ இப்பதான் பச்சையா கொண்டாந்து நிக்கிறே.”

“படம் இருக்குங்க. கம்ப்யூட்டர்ல. குறி போட்டு வெச்சிருக்கேன்.”

“சரி. வெள்ளிக்கெழம கடைக்காரரு வராரு. அதுக்குள்ள அந்தப் படத்த எடுத்துட்டு வா. உன் குறி இருந்துதுன்னா அவங்களக் கூப்புட்டு வெச்சி நானே கேக்கறேன்” என்றார்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் சென்டருக்கு ஓடினேன். மாப்பிள்ளை இல்லை. டைப் அடிக்கிற பெண் மட்டும் இருந்தது. கம்மாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். விஷயத்தைச் சொல்லாமல், என் படங்களை வெளியே எடுத்துத் தர முடியுமா என்று மட்டும் கேட்டேன். உள் கம்ப்யூட்டரைத் திறக்கப் போனேன்.

“அதெல்லாம் தொறக்க வேணாம்ண்ணா” என்று சொல்லி, வெளியிலிருந்தே ஒரு ஃபோல்டரைத் தட்டியது. என் போர்ட்டர் வந்து நின்றார்.

“பாஸ்வேர்டு போட்டாதான வரும்?”

“அது உள்ள போறதுக்குதாண்ணா பாஸ்வேர்டு. இந்த ஃபோல்டரு உள்ளயே இல்லியே. வெளியில இருக்கறத உள்ளேருந்து பாக்கற மாதிரி வெச்சிருக்காரு சாரு. நீங்க அங்க வெச்சா நேரா இங்க வந்து ஒக்காந்துக்கும். இங்க எதுனா பண்ணா அங்கயும் அப்படியே ஆவும்.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஒங்களுக்குத் தெரியாதாண்ணா?” என்று கேட்டது.

அதுவரைக்கும்கூட நான் மாப்பிள்ளையைச் சந்தேகப்படவில்லை. கடைக்கு வந்து போகிற யாரோ எடுத்திருப்பார்கள் என்றுதான் மனசு சொன்னது. அப்போது பக்கத்தில் இன்னொரு ஃபோல்டர் இருந்தது. அந்தப் பெரிய கம்பெனியின் பெயர் போட்டிருந்தது. அதைத் திறக்கச் சொன்னேன். அந்தப் பெண் தயங்கியது, பிறகு திறந்தது.

அதே படங்கள். எல்லாம் அதே வரிசையில். கீழ் மூலையில் மட்டும் வேப்பிலை இல்லை. என் படத்தின் பின்னணிக்கு நான் வெளிர்மஞ்சள் போட்டிருந்தேன். இலை இருந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சதுரம் இருந்தது. ஒவ்வொரு படத்திலும் ஒன்று. அவசரத்தில் எடுத்தவன் மூலையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கமாட்டான். அந்தக் குறி என்ன என்று தெரிந்தவர்தான் அதைத் துடைத்திருக்க முடியும். அந்தக் குறி என்ன என்று நான் ஒருத்தரிடம்தான் சொல்லியிருந்தேன்.

“இத ஒரு சிடியில போட்டுக் குடும்மா. ரெண்டையும்.”

“சிடி தீந்துபோச்சுண்ணா. நாளைக்குக் காலைல வாங்க, போட்டுத் தரேன்.”

சரி என்று வந்துவிட்டேன். கடைத்தெருவில் சிடி விற்கிற கடை நாலு இருக்கிறது. அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை.

சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளையிடம் நேரில் கேட்க என்னால் முடியாது. தங்கையிடம் சொன்னால் அவள் கேட்பாள் என்று நினைத்தேன். எனக்காகச் சின்ன வயதில் தெருவில் சண்டைக்குப் போனவள் அவள். கடையில் எனக்கு மிச்சச் சில்லறை வாங்கிக் கொடுத்தவள்.

அவள் காய் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். வெள்ளைச் சதுரத்தைச் சொன்னேன். மேஸ்திரி சொன்னதைச் சொன்னேன். நாளைக்குக் காலையில் சிடி வாங்கப் போவதையும் சொன்னேன்.

“அவரு வேணும்னு பண்ணியிருக்கமாட்டாருண்ணே” என்றாள்.

“குறிய அழிச்சிருக்காரும்மா.”

நறுக்குவதை நிறுத்தினாள். “அந்தக் கம்பெனியில கம்ப்யூட்டர் வேலை மொத்தமும் இவருக்குத் தரேன்னு சொல்லியிருக்காங்க. லேபிளு, பொட்டி, எல்லாம். எத்தினி நாளா அலைஞ்சாரு தெரியுமா?” என்றாள். மறுபடி காயைக் கையில் எடுத்தாள். “உன்னால அந்த மெட்ராஸ்காரன் எதிர்ல நின்னு ரெண்டு வார்த்த பேச முடியுமாண்ணே? சொல்லு. நீ பண்ணி வெச்சுட்டு மூலையில நிப்பே. சும்மாதான கெடக்கப் போவுதுன்னு அவரு குடுத்திருக்காரு.”

ஆக, அவளுக்கு முன்பே தெரியும். நான் எழுந்தேன்.

“சாப்ட்டுட்டுப் போண்ணே.”

“போயிட்டு வரேன்” என்றேன்.

காலையில் சென்டர் திறக்கும்போதே போய் நின்றேன். கையில் நானே வாங்கிய சிடி இருந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு எதையோ டைப் அடிக்க ஆரம்பித்தது. மாப்பிள்ளை கல்லாவில் இருந்தார்.

“வாங்க மச்சான். டீ சொல்லட்டா?”

நான் என் நாற்காலியில் உட்கார்ந்து உள் கம்ப்யூட்டரைத் திறந்தேன். பாஸ்வேர்டு போட்டேன். பழைய விண்டோஸ் வழக்கம்போல வந்தது. என் புரோகிராம் இருந்தது. இசட் டிரைவைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. குப்பைத்தொட்டியைப் பார்த்தேன். அதிலும் இல்லை. என் அறைக்குள் யாரும் வரவில்லை, பூட்டை யாரும் தொடவில்லை. வெளியில் இருந்தபடியே ஒருவர் அழித்திருக்கிறார், உள்ளே காலியாகிவிட்டது.

“என்னா மச்சான், ஏதாச்சும் காணுமா?” என்று மாப்பிள்ளை கல்லாவிலிருந்தே கேட்டார்.

படம் எதற்கு என்று நான் தங்கையிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

“ஒண்ணுமில்ல மாப்ள” என்றேன். டீ வந்தது. குடித்தேன். ஏன் குடித்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

மேஸ்திரியிடம் போய், “படம் இல்லீங்க” என்றேன். அவர் எதிர்பார்த்து நின்றிருந்தார் போலிருக்கிறது. “இல்லைன்னா?” என்றார். சுவரில் ஒட்டி வேலை செய்த தாள்கள் இருந்தன. ஆனால் மண் பட்டு நனைந்து, மூலைகள் எப்போதோ கிழிந்துபோயிருந்தன. அதை அவரிடம் காட்ட வெட்கமாக இருந்தது. அந்தப் பெண்ணைச் சாட்சிக்கு அழைக்கவும் மனசு வரவில்லை. அதற்கு அந்த வேலை போய்விடும். மேஸ்திரி, “அப்ப கூடைய எடுத்துட்டுப் போப்பா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

வேகாத மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. தண்ணீரில் போட்டால் மறுபடி மண்ணாகிவிடும். கம்பெனித் தொட்டியில் ஒவ்வொன்றாகப் போட்டேன். போர்ட்டரின் பெட்டி முதலில் விழுந்தது. முதலாளி பார்த்துவிட்டு வந்து, “என்னாய்யா, கடைக்காரருக்கு ஒண்ணும் காட்டலியா?” என்றார். “சரியா வரலீங்க” என்றேன். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். நல்ல மனிதர். அவரிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் என் தங்கை வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை கடைக்காரர் வந்து அந்தச் செட்டை எடுத்துக்கொண்டார். மற்ற எதையும்விட அது நன்றாகப் போனது என்று கேள்வி.

அதோடு விட்டிருப்பேன். எழுதியிருக்க மாட்டேன். இந்த நவராத்திரிக்குத் தங்கை கொலு வைத்தாள். அவள் வீட்டில் கொலு வைப்பது இதுதான் முதல் தடவை. நேரில் வந்து அழைத்தாள், போகாமல் இருக்க முடியவில்லை. கூடத்தில் படிகட்டி, நடுப்படியில் ரயிலடி முழுவதும் வைத்திருந்தார்கள். கீழே பிள்ளைகள் விளையாடுகிற தண்டவாளம் வேறு போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் குனிந்து குனிந்து பார்த்தார்கள். ஒரு அம்மா அந்த ஆட்டைக் காட்டி, “இத எவன் யோசிச்சானோ, சரியான குறும்புக்காரன்” என்றாள்.

“எங்க வூட்டுக்காரருதான். கம்ப்யூட்டர்ல அவரேதான் போட்டாரு” என்றாள் என் தங்கை.

நான் கதவோரம் நின்றிருந்தேன். சொல்லும்போது அவள் என் பக்கம் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். மாப்பிள்ளை நாற்காலியில் இருந்து சிரித்தார், வேண்டாம் என்பது போலக் கையை ஆட்டினார். பிறகு அவள் எனக்குச் சுண்டல் கொண்டுவந்து கொடுத்தாள். “காரம் கம்மியா போட்டிருக்கேன், உனக்கு ஒத்துக்காதுன்னு” என்றாள். அது உண்மைதான். எனக்குக் காரம் ஒத்துக்கொள்ளாது. அது ஞாபகம் இருக்கிறது அவளுக்கு.

பொட்டலத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

யாருக்கும் இதைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போவதில்லை. மேஸ்திரிக்கும் இல்லை. என் தங்கையின் வீடு நன்றாக இருக்கட்டும். ஆனால் ஒரு இடத்திலாவது இருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். ரயிலடி செட்டை யோசித்தவனும் நான்தான், வரைந்தவனும் நான்தான். அந்த ஆடு யாரையும் முறைக்கவில்லை. அது ரயில் வருகிறதா என்று பார்க்கிறது.

30.9.2009, புதன்கிழமை.